கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவு

தகரக் கொட்டகைக்குள் மூன்று கண்ணாடிக் கதவுகள் நின்றன. சுவரும் இல்லை, வீடும் இல்லை, வெறும் கதவுகள். அவற்றுக்கு முன்னால் என் கணவர் வலது கையில் ஊன்றுதடியோடும் திருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடும் நின்றார். கதவு பார்க்கப் போவதற்கு அந்தச் சட்டைதான் வேண்டும் என்று காலையில் அலுமாரியைக் காட்டியபடி நின்றவர். வாயால் கேட்கவில்லை. காட்டினார், நான் எடுத்துக் கொடுத்தேன்.

கொட்டகை நஸீருடையது. மன்னார் நகரத்தில் அலுமினியக் கதவு, யன்னல் செய்கிறவர். வெளிச்சம் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளால் புள்ளி புள்ளியாக இறங்கி, கண்ணாடிகளில் பட்டு, எங்கள் மூன்று பேரின் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. வெட்டிய அலுமினியத்தின் வாசம் மூக்கைக் கடித்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்தவர்களுக்குத் தெரியும், இவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துப்போட்டது. ஆஸ்பத்திரியால் வந்து ஆறு மாதம். பேச்சுத் திரும்பிவிட்டது, இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். இடது கை 'சுகம்' என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வானத்தில் என்ன வேலை?

எங்கள் வீடு பேசாலைப் பக்கம், வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. பார்த்தபடி என்று சொல்கிறேனே தவிர, வீடு கடலைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் முழுக்கச் சுவர். அதில் நெஞ்சு உயரத்தில் இரண்டு சின்ன யன்னல். கடலோடு சீவிக்கிறவர்கள் வீட்டுக்குள் வந்தால் கடலைப் பார்க்க விரும்புவதில்லை என்று நினைக்கிறேன். வீட்டு வாசல் றோட்டுப் பக்கம். கரைக்குப் போவதென்றால் வாசலால் இறங்கி, மூன்று படி, பிறகு வீட்டைச் சுற்றிப் போகவேண்டும்.

இவர் சம்மாட்டி. இரண்டு படகும் வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்தவர். விடிய எழும்பினால் கால் தானாகக் கரைக்குப் போகும். இப்போது அந்த மூன்று படியில் இறங்க நான் ஒரு பக்கம் பிடிக்கவேண்டும். பிடிக்க விடமாட்டார். விடாதபடியால் போகவும் மாட்டார். ஆறு மாதம் கட்டிலிலும் கதிரையிலும் கிடந்தார்.

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். யன்னலால் கடல் தெரியும் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படுத்துக் கிடந்தா வானம் மட்டும்தான் தெரியுது. வானத்தில எனக்கு என்ன வேலை?"

அந்த ஒரு கதையில்தான் கதவு தொடங்கியது. கடல் பக்கச் சுவரை உடைத்துப் பெரிய கண்ணாடிக் கதவு போடுவது. கட்டிலில் கிடந்தபடி கரை முழுக்கத் தெரியவேண்டும். எழும்பினால் ஒருவருடைய கையும் பிடிக்காமல், படி இறங்காமல், நேரே மணலில் கால் வைக்கவேண்டும். அந்தப் பக்கம் காற்றுக் குவித்த மணல் வீட்டு நிலத்தோடு சமமாக நிற்கிறது. இவருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். அதிலும் இரண்டாவதுதான் உயிர்.

நான் முப்பது வருசம் தபாற்கந்தோரில் இருந்தவள். ஒரு வேலையைத் தொடங்க முன்னம் பத்துக் கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு. உப்புக் காற்றில் கண்ணாடி மங்காதா? வாடைக் காற்றுக்கு நிற்குமா? கழுதை வந்து உதைத்தால்?

கடைசிக் கேள்வியைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிக்கக்கூடாது. மன்னார்த் தீவில் கழுதைகள் எங்களைவிடச் சுதந்திரமாகத் திரிகின்றன. நகரத்தில் ஒரு புதுக் கடைக்குக் கண்ணாடி முகப்புப் போட்டார்கள். முதல் கிழமையே ஒரு கழுதை வந்து அதில் தன்னைப் பார்த்துவிட்டு, வேறொரு கழுதை என்று நினைத்து, திரும்பி நின்று இரண்டு உதை கொடுத்தது. கண்ணாடி உடையவில்லை. கழுதை வாடிக்கையாளர் மாதிரி அங்கேயே நின்று நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்ததாம். இதை இவருக்குச் சொன்னபோது, ஆஸ்பத்திரியால் வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடிக் கதவுக்கு நான் சம்மதித்தது அந்தச் சிரிப்புக்காக. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்றிலும் நடந்து பார்த்தார்

இனிக் கொட்டகைக்குத் திரும்புவோம்.

முதலாவது, சில்லில் ஓடுகிற தள்ளுகதவு. பார்க்க அழகு, மெல்லத் தள்ளினால் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் கீழே தலைமன்னார் ரயில் பாதை மாதிரி ஒரு தண்டவாளம், ஒரு அங்குலம் எழும்பி நிற்கிறது. இவர் கடந்தபோது இடது கால் அதில் தட்டுப்பட்டது. நஸீர் தோளைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். பிடித்த கையை இவர் தட்டிவிட்டார். எவ்வளவு பெரிய தள்ளுகதவு போட்டாலும் அரைவாசிதான் திறக்கும், மற்ற அரைவாசி எப்போதும் கண்ணாடிதான், அதோடு எங்கள் பக்கத்து மணல் தண்டவாளத்துக்குள் போனால் கிழமைக்கொரு தரம் கூட்டி அள்ளவேண்டும் என்றும் நஸீரே சொன்னார். தன் சாமானைப் பற்றி உண்மை சொல்கிற வியாபாரியை அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாவது, நடுவில் இரண்டு கதவு, இரண்டு பக்கமும் அசையாத கண்ணாடி. சாதாரண வீட்டுக் கதவு போலப் பிணைச்சலில் திறப்பது. கீழே தடை ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் பிடித்தது. கைபிடியை அமத்தித் தோளால் தள்ளினால் போதும். ஆனால் வாடை நாளில் கொழுக்கி போட மறந்தால், காற்று ஒரே அடியில் கதவைச் சுவரோடு அறைந்துவிடும். மறதி எனக்கு இருக்கிறது. ஒளிக்கவில்லை.

மூன்றாவது மடிப்புக் கதவு. ஆறு கண்ணாடி மடிப்புகள், ஒன்றோடொன்று பிணைச்சலால் தொடுத்தவை. தள்ளினால் விசிறி மடிவது போல ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சுவர் முழுக்கத் திறந்துவிடும். கீழ்த் தண்டவாளத்தை நிலத்தோடு நிலமாகப் பதிக்கலாம், கால் தட்டாது. மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும், துடைக்கவேண்டியதுதான்.

நஸீர் அதை முழுக்கத் தள்ளித் திறந்தார். இவர் நடுவில் போய் நின்றார். முன்னால் இருந்தது கடையின் பழைய இரும்புக் குவியல். ஆனால் இவருடைய முகத்தைப் பார்த்தால் அங்கே கடல் நிற்கிறது.

நஸீர் ஒரு யோசனை சொன்னார். ஆறு மடிப்பும் ஒரு பக்கமாகப் போனால், ஆள் போகிற அளவுக்குத் திறக்கவே இரண்டு மூன்று மடிப்பை இழுக்கவேண்டும், பாரம். ஐந்தாகச் செய்தால் நாலு மடியும், ஒன்று தனியாகச் சாதாரணக் கதவு போலத் திறக்கும், ஒரு கையாலேயே போய்வரலாம். இவருக்கு அந்த 'ஒரு கை' என்ற சொல் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டு கையும் இருக்கு, ஆறாகவே போடு என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவேண்டும்.

இரண்டு பாகம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் கரையில் கயிறும் வலையும் கடலின் ஆழமும் பாகத்தில்தான் அளப்பது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியில் இருந்து மறு விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். ஆளுக்கு ஆள் மாறும். இவருடைய பாகம் சொல்லி வைத்தது போல ஆறு அடி. நஸீரின் வாப்பா கயிற்றுக் கடை வைத்திருந்த காலத்தில், யாருக்காவது அளவில் சண்டை வந்தால் 'பிலிப்புச் சம்மாட்டியைக் கூப்பிடு' என்பார்களாம். இவர் வந்து கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து விரித்தால் சண்டை முடிந்தது.

எங்களுக்குக் கலியாணம் பேசின நாளிலும் என் தகப்பனார் இவரைப் பற்றிச் சொன்ன ஒரே புகழ்ச்சி, 'அவன்ர கை பொய் சொல்லாது' என்பது. எனக்கு அப்போது அது என்ன புகழ்ச்சி என்று விளங்கவில்லை. நெடுப்பமோ கட்டையோ, கறுப்போ சிவப்போ என்றுதான் தெரியவேண்டி இருந்தது.

கதவுக்கு அளவு கொடுக்கவேண்டி வந்தபோது இவர் அளவு நாடா கேட்கவில்லை. முற்றத்தில் நின்று நைலோன் கயிற்றை எடுத்தார். தடியை என்னிடம் தந்துவிட்டு, கயிற்றை நெஞ்சில் வைத்து, இரண்டு கையையும் விரித்தார். ஒரு பாகம். முடிச்சு. இன்னும் ஒரு பாகம். முடிச்சு. வேலிக்கு வெளியே வலை சுமந்துகொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், 'சம்மாட்டியார் எழும்பிட்டார்' என்று சொல்லிக்கொண்டு போனார். இவருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை நான் எழுதிக் காட்டமுடியாது.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான் பார்த்தது முழங்கையை. இடது முழங்கை நேராக விரியவில்லை, கொஞ்சம் மடிந்து நின்றது. தூரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் சட்டையின் இடது கையை முதலில் கொழுவி, பிறகு வலது கையைக் கொழுவி, தெறி பூட்டுகிறவளுக்குத் தெரியும்.

ஒரு பாகத்துக்கு அரை அடி குறையும் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. சொல்லவில்லை. தடியை இவருடைய கையில் திருப்பிக் கொடுத்து, கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் கறியே இருக்கவில்லை.

சின்னக் குறை, நஸீர் பிறகு டேப் பிடிக்கத்தானே போகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சாதாரணமாக, சுவரை உடைத்து முடித்த பிறகு வந்து அளந்துதான் கதவு செய்வார்கள். ஆனால் வாடை தொடங்க முன்னம் வேலை முடியவேண்டும். இவர் தொலைபேசியில் 'இரண்டு பாகம்' என்றார். நஸீர் பன்னிரண்டு அடி என்று எழுதிக்கொண்டு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் நான் நஸீருக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்து, ஒருக்கா வந்து அளந்து பார்த்தால் நல்லது என்றேன். நஸீர் மரியாதைக்காரன். "அக்கா, சம்மாட்டியார்ர பாகத்துக்கு மேல நான் டேப் பிடிச்சா, வாப்பா கபுறுக்குள்ள இருந்து எழும்பி வந்து ஏசுவார்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் காரணத்தைச் சொல்லவில்லை.

சட்டம் வந்த நாள்

சுவர் உடைத்தவர் முத்தையா பாஸ். நறுவிலிக்குளத்து மேசன்; மேசன்மாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவது. தகப்பன் காலத்தில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். கை சுத்தம், கதை குறைவு. இவர் முடிச்சுப் போட்டுக் கொடுத்த கயிற்றைச் சுவரில் பிடித்து இரண்டு முனையிலும் கரிக்கோடு போட்டு, மேலே கொங்கிறீட் தாங்கியும் கட்டி, அளவாக உடைத்து, பூசி முடித்தார். கயிறு எவ்வளவோ வாசல் அவ்வளவு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த நாலைந்து நாள் வீட்டுக்குள் சீமெந்துத் தூசி, சோற்றிலும் தூசி. ஆனால் இவர் கட்டிலில் கிடந்தபடி அந்தப் பெரிய ஓட்டையால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் படகு பிந்தி வருகிறது, எவன் இயந்திரத்தைப் பழுதாக்கப் போகிறான் என்று எனக்குச் செய்தி வாசித்தார்.

லொறி ஒரு காலையில் வந்தது. அலுமினியச் சட்டத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு நேரே பிடித்தார்கள். உள்ளே போகவில்லை. சரித்துப் பிடித்தார்கள். போகவில்லை. ஒரு அடி மிச்சமாக வெளியே நின்றது.

நஸீர் டேப்பை எடுத்தார். சட்டம் பன்னிரண்டு அடி. வாசல் பதினொன்று. நஸீர் முத்தையாவைப் பார்த்தார். முத்தையா கயிற்றை எடுத்துவந்து டேப்புக்குப் பக்கத்தில் நீட்டினார். பதினொரு அடி.

இவர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தையா கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெயில்ல கெடந்து கயிறு சுருங்கியிருக்குங்க ஐயா. நான் கவனிக்கல. எம் பிழைதான்" என்றார்.

நைலோன் கயிறு வெயிலில் ஒரு அடி சுருங்காது. அது முத்தையாவுக்கும் தெரியும், நஸீருக்கும் தெரியும். ஐம்பது வருசம் கயிறு பிடித்த இவருக்குத் தெரியாதா?

இவர் எழும்பினார். தடியைக் கதிரையில் சாத்திவிட்டுக் கயிற்றை வாங்கினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் நெஞ்சில் வைத்து இழுத்து விரித்தார். இம்முறை தலையைத் திருப்பித் தன் இடது கையைப் பார்த்தார். முழங்கையை நிமிர்த்த முயன்றார். நிமிரவில்லை.

"கயிறு சுருங்கேல்லை முத்தையா" என்றார். "என்ர கைதான் சுருங்கிப் போச்சு."

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அண்டைக்குக் கண்டனியோ?"

"கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா கயிற்றைக் கீழ போட்டிருப்பியள்."

அதுதான் உண்மை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் ஒரு மனிதனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் பேசாமைதான். வெட்கத்தில் என் காது சுட்டது. முற்றத்தில் அன்றைக்கே மெல்லச் சொல்லியிருந்தால், அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயமாகப் போயிருக்கும்.

இவர் கயிற்றைச் சுருட்டி முத்தையாவிடம் கொடுத்தார். வாசலைப் பெருப்பிக்க முடியுமா என்று கேட்டார். மேல் தாங்கிக்குப் பிடிமானம் போதாது என்றார் முத்தையா. கண்ணாடியை வெட்டமுடியுமா என்று கேட்டார். பதம் வைத்த கண்ணாடி, வெட்டினால் பொடிப்பொடியாகப் போகும் என்றார் நஸீர்.

"அப்ப ஐஞ்சாப் போடு" என்றார் இவர். "நீ முதல் சொன்ன மாதிரியே, ஒரு கையால திறக்கிற கதவா."

ஒரு மடிப்பைக் கழற்றிவிட்டு, சட்டத்தை வெட்டிச் சிறுப்பித்து, மிஞ்சிய இடைவெளிக்கு ஒரு மரப்பலகை அடைத்தார்கள். கழற்றிய கண்ணாடி இன்றைக்கும் எங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருக்கிறது. இரண்டு நாள் இவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார். சட்டை போட வந்தால் இடது கையை நீட்டினார். அவ்வளவுதான். எனக்கும் அதைக் குறை சொல்ல வாய் இருக்கவில்லை.

முதல் காலை

மூன்றாம் நாள் விடிய, நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு கூடத்துக்கு வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. தனியாகத் திறக்கிற மடிப்புத் திறந்து, பிறகு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மணலில், இவர் போய்க்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. கதிரையில் இருந்துவிட்டேன். மணலில் தடி புதையும், இழுத்து எடுப்பார், இரண்டு அடி வைப்பார், நிற்பார். ஒரு இடத்தில் நீண்ட நேரம் நின்றார். என் தேத்தண்ணீர் ஆறிப்போனது. மாதாவே, இந்தக் கண்ணாடியை ஏன் போட்டோம், சுவர் இருந்திருந்தால் நான் இதைப் பார்த்திருக்கமாட்டேனே என்று நினைத்தேன். பிறகு அவர் மறுபடியும் நடந்தார்.

கரையில் வலையில் இருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டு எழும்பினார்கள். இருக்கச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியில் போய் இருந்தார். யாரையோ ஏசினார் என்று நினைக்கிறேன். தடி மேலே எழும்பி இறங்கியது. அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது. அதை நான் துடைக்கவும் இல்லை. வீட்டில் ஒருவரும் இல்லைத்தானே.

வெயில் ஏற ஏற இவர் திரும்பி வந்தார். போனதைவிட மெதுவாக. கடைசியில் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

அங்கேதான் எங்கள் எல்லோருடைய புத்தியும் வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளே இருந்து வெளியே போக, கைபிடியை முழங்கையால் அமத்தித் தோளால் தள்ளினால் போதும். வெளியே இருந்து வர, கதவைத் தன் பக்கமாக இழுக்கவேண்டும். இழுக்க ஒரு கை வேண்டும். அந்த ஒரு நல்ல கையில் தடி இருந்தது. அந்த மணலில், அந்தக் களைப்பில், தடியை விட்டால் நிற்கமுடியாது. நஸீரும் முத்தையாவும் நானும் இவரும் அத்தனை நாளாகப் போவதைப் பற்றியே யோசித்திருக்கிறோம். ஒருவரும் வருவதைப் பற்றி யோசிக்கவில்லை.

இவர் கதவைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியால் என்னைப் பார்த்தார். இரண்டு முழம் தூரத்தில் நான் கதிரையில் இருந்தேன். எழும்ப எனக்கு எவ்வளவு அவசரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எழும்பவில்லை. இவர் சொல்லாததை எல்லாம் ஆறு மாதமாக நானே விளங்கி விளங்கிச் செய்துதான் இந்த இடத்துக்கு வந்திருந்தோம்.

இவருடைய நெற்றியில் வியர்வை இறங்கியது.

"இஞ்சேர்" என்றார். கண்ணாடிக்குள்ளால் சத்தம் சின்னதாகக் கேட்டது. "கதவை ஒருக்காத் திற."

போய்த் திறந்தேன். காற்றும் மணலும் இவரோடு சேர்ந்து உள்ளே வந்தன.

"போறதை மட்டும்தான் யோசிச்சிருக்கிறம்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"வாறதுக்கு நான் இருக்கிறன்தானே" என்றேன்.

இவர் என் தோளில் இடது கையை வைத்தார். மடிந்த முழங்கை மடிந்தபடியே இருந்தது.

"ஓம்" என்றார்.